கண்டவரும் சொன்னவரும்

நுழையும்முன்

புதிய உண்மை ஒன்றைக் காண்பது ஆய்வாளரின் முதற்பணி. கண்டதை ஐயத்திற்கு இடமின்றி எழுதி, பிறர் அறியும் மொழியில் வெளியிடுவது அவருடைய இரண்டாம் பணி. முதற்பணியைச் செம்மையாக முடித்து இரண்டாம் பணியில் தயங்கிய மருத்துவர் ஒருவர், தம் வாழ்நாள் உழைப்பின் பயனையே இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். உரிமையை மீட்கப் பேனாவை எடுத்த அதே காலத்தில், நோயாளி ஒருவரிடம் தாம் செய்த பிழைக்காக நீதிமன்றத்திலும் நின்றார். தோல்நோய் ஆய்வு வரலாற்றில் நிலைபெற்றுள்ள அவருடைய வாழ்க்கையைக் கூறுகிறது இப்பாடம்.

பெர்கன் தந்த மருத்துவர்

நார்வே நாட்டின் மேற்குக் கடற்கரையில் மலைகளுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த துறைமுக நகரம் பெர்கன். அந்நகரத்தில் 1841ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் கெர்ஹார்டு ஹென்ரிக் ஆர்மவர் ஹேன்சன் பிறந்தார். வணிகர் ஒருவரின் பதினைந்து மக்களுள் அவர் எட்டாமவர். தந்தையாரின் வணிகம் நொடித்துப்போனதால் குடும்பம் வறுமையுற்றது. தளராத ஹேன்சன், தம் உழைப்பால் பொருளீட்டிக்கொண்டே கிறித்தியானியா நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். இன்று ஓஸ்லோ என வழங்கும் நகரமே அன்றைய கிறித்தியானியா. 1866ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், நாட்டின் வடபகுதியிலுள்ள லோஃபோட்டன் தீவுகளில் மீனவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1868ஆம் ஆண்டு பெர்கனுக்குத் திரும்பித் தொழுநோய் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அக்காலத்தில் தொழுநோய் மறைந்துவிட்டது. நார்வேயின் மேற்குக் கரையிலோ அது ஏழை உழவர்களையும் மீனவர்களையும் வாட்டிக்கொண்டிருந்தது. நோயுற்றோரைக் கணக்கெடுப்பதற்காக நார்வே அரசு 1856ஆம் ஆண்டு தொழுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. ஒரு நாடு முழுமைக்கும் ஒரு நோய்க்கென உருவான முதல் பதிவேடு அதுவே. தொடக்கத்தில் 2,800க்கும் மேற்பட்டோர் நோயாளர்களாக அதில் இடம்பெற்றனர். மக்கள்தொகை குறைந்த அந்நாட்டிற்கு இது பெருந்தொகை. பெர்கன் நகரில் மட்டும் மூன்று தொழுநோய் மருத்துவமனைகள் இயங்கின. அவற்றுள் புனித யோர்கன் மருத்துவமனை பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது.

பரம்பரையா, தொற்றா?

பெர்கன் மருத்துவமனைகளின் பெருமைக்குக் காரணமாக இருந்தவர் டேனியல் கொர்னேலியஸ் டேனியல்சன் என்னும் மூத்த மருத்துவர். அவரும் கார்ல் வில்ஹெல்ம் போக் என்னும் தோல் மருத்துவரும் இணைந்து 1847ஆம் ஆண்டு தொழுநோய் குறித்து விரிவானதொரு நூலை வண்ணப்படங்களுடன் வெளியிட்டனர். நோயின் அறிகுறிகளைத் தெளிவாக வகைப்படுத்திய முதல் அறிவியல் நூல் என அது போற்றப்பெற்றது. மறு ஆண்டே அதன் பிரெஞ்சு வடிவம் வெளிவந்தது. நார்வே மொழி அறியாத மருத்துவர்களும் அதைப் படித்தனர். தம் நூல்களில் மேற்கோளாகக் காட்டினர்.

தொழுநோய் பரம்பரையாக வருவது என்பது டேனியல்சனின் முடிவு. நோயாளியின் திசுவைத் தம் உடலிலேயே பலமுறை செலுத்திப் பார்த்து, தமக்கு நோய் வராததைக் கண்டு அவர் அம்முடிவில் உறுதிகொண்டார். ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்ததும் அவர் கருத்துக்கு அரணாயிற்று.

இளைஞரான ஹேன்சனுக்கு இவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. ஒரே குடும்பத்தில் இருப்போர் ஒரே குருதியினர் என்பது உண்மை. அவர்கள் ஒரே அறையில் உறங்கி, ஒரே போர்வையைப் பயன்படுத்துவோர் என்பதும் உண்மையே. இவ்விரண்டில் எது காரணம் என எவ்வாறு அறிவது? பதிவேட்டிலுள்ள குடும்பங்களை ஊர்தோறும் சென்று ஆராய்ந்தார் ஹேன்சன். நோய் எவரிடமிருந்து எவருக்கு, எக்காலத்தில் வந்தது எனக் குறித்துக்கொண்டார். நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களிடம் நோய் தோன்றிய நிகழ்வுகள் பலவற்றை அவர் கண்டார். இந்நோய் தொற்றக்கூடியது என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

1870, 1871ஆம் ஆண்டுகளில் உதவித்தொகை பெற்று அவர் பான், வியன்னா ஆகிய நகரங்களுக்குச் சென்று நுண்ணோக்கி ஆய்வில் பயிற்சி பெற்றார். அப்பயணத்தில் டார்வினின் நூலைப் படித்தார். இயற்கையில் காணும் ஒவ்வொன்றிற்கும் இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்னும் மனப்பாங்கு அவரிடம் வலுப்பெற்றது.

தம் கொள்கைக்கு மாறான வழியில் செல்லும் இளைஞரை டேனியல்சன் தடுக்கவில்லை. தொடர்ந்து ஆய்வு செய்ய ஊக்குவித்தார். 1873ஆம் ஆண்டு சனவரியில் டேனியல்சனின் மகளை ஹேன்சன் மணந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே அப்பெண்மணி காசநோயால் காலமானார். கொள்கையில் வேறுபட்ட அவ்விருவரையும் ஒரே துயரம் பிணைத்தது.

1873, பிப்ரவரி 28

திருமணமான மறுமாதம், பிப்ரவரி 28ஆம் நாள், நோயாளி ஒருவரின் தோல் முடிச்சிலிருந்து எடுத்த திசுவை ஹேன்சன் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உயிரணுக்களுக்குள் சிறுசிறு கோல்களைப் போன்ற உருவங்கள் தென்பட்டன. மற்ற நோயாளிகளின் முடிச்சுகளிலும் அவ்வுருவங்களே காணப்பட்டன. நோயின் காரணத்தைத் தாம் கண்டுவிட்டோமோ என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது.

அக்காலத்தில் அவ்வாறு எண்ணுவதே துணிச்சலான செயல். மனிதர்களுக்கு வரும் நெடுநாள் நோய் ஒன்றிற்கு நுண்ணுயிரியே காரணம் என எவரும் அதுவரை நிறுவியதில்லை. இராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882ஆம் ஆண்டில்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, சாயமேற்றப்படாத திசுவில், எளியதொரு நுண்ணோக்கியின் துணையுடன் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார்.

கண்டது உண்மை. அதை மெய்ப்பிப்பது எப்படி? அக்கோல்கள் உயிருள்ளவையா, சிதைந்த திசுவின் துணுக்குகளா என ஐயுறுவோர்க்கு விடை கூற வேண்டும். அவற்றை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்ட வேண்டும். விலங்குகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும். முயல்களிடம் ஹேன்சன் செய்த சோதனைகள் பயன் தரவில்லை. கிருமியை வளர்க்கவும் இயலவில்லை. அது அவருடைய திறமைக்குறைவன்று. தொழுநோய்க் கிருமியைச் செயற்கை ஊடகத்தில் வளர்க்க இன்றளவும் எவராலும் இயலவில்லை.

ஒரு கட்டுரையின் விதி

1874ஆம் ஆண்டு ஹேன்சன் தம் ஆய்வறிக்கையை நார்வே மொழி மருத்துவ இதழில் வெளியிட்டார். கிறித்தியானியா மருத்துவச் சங்கத்திற்கு அளித்த அறிக்கை அது. நோய் தொற்றக்கூடியது என்பதற்கான களச்சான்றுகளே அதன் பெரும்பகுதியை நிறைத்தன. நுண்ணோக்கியில் கண்ட கோல்களைப் பற்றி மிகுந்த எச்சரிக்கையோடு எழுதினார். அவையே நோயின் காரணம் என அறுதியிட்டுக் கூற அவர் முன்வரவில்லை. கைவசம் இருந்த சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லலாகாது என்பது அவருடைய நேர்மை.

மறு ஆண்டு அதன் ஆங்கில வடிவம் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஆயினும் மருத்துவ உலகம் அதைப் பெரிதும் கவனிக்கவில்லை. அன்று நுண்ணுயிரி ஆய்வின் தலைமையிடம் ஜெர்மனி. அங்குள்ள ஆய்வகங்களில் பேசப்படாத கண்டுபிடிப்பு எங்கும் பேசப்படாததற்கு ஒப்பாகும். டேனியல்சனின் பரம்பரைக் கொள்கையோ பிரெஞ்சு நூலின் வழியே ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. பழைய கருத்து பெருமொழியில் அச்சேறிப் பல நாடுகளுக்குச் சென்றுவிட, புதிய உண்மை பெர்கனின் எல்லையிலேயே தயங்கி நின்றது.

1875ஆம் ஆண்டு ஹேன்சன் நார்வே நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவராக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் மறுமணம் புரிந்தார். கிருமிகளுக்குச் சாயமேற்றித் தெளிவாகக் காட்டும் முயற்சியில் அவர் தொடர்ந்து ஈடுபட்டார். வெற்றி எளிதில் கிட்டவில்லை.

பிரெஸ்லாவிலிருந்து வந்த விருந்தினர்

1879ஆம் ஆண்டு கோடையில் ஆல்பர்ட் நெய்சர் என்னும் இளம் மருத்துவர் பெர்கனுக்கு வந்தார். அகவை இருபத்து நான்கு. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத் தோல்நோய் மருத்துவமனையில் பணியாற்றியவர். மேகவெட்டை நோயின் கிருமியை அவ்வாண்டிலேயே கண்டறிந்து பெயர் பெற்றவர். அனிலின் சாயங்களால் நுண்ணுயிரிகளுக்கு நிறமேற்றும் நுட்பம் வளர்ந்த இடம் பிரெஸ்லாவ். அந்நுட்பத்தில் நெய்சர் கைதேர்ந்தவர்.

வந்தவரை ஹேன்சன் உவகையுடன் வரவேற்றார். நோயாளிகளைக் காட்டினார், தாம் கண்டவற்றை விளக்கினார், திசு மாதிரிகளையும் மனமுவந்து அளித்தார். அறிவைப் பகிர்ந்துகொள்வதே ஆய்வாளரின் இயல்பு என அவர் எண்ணினார்.

நாடு திரும்பிய நெய்சர் அம்மாதிரிகளுக்குச் சாயமேற்றினார். கிருமிகள் ஐயத்திற்கு இடமின்றி ஒளிர்ந்தன. அவ்வாண்டிலேயே, தொழுநோயின் காரணம் இக்கிருமியே எனத் துணிந்து ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். மருத்துவ உலகம் அதை உடனே வரவேற்றது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே கிருமியைக் கண்டவரின் பங்கு அதில் உரிய அளவில் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

ஹேன்சன் விழித்துக்கொண்டார். நண்பர்களும் அவரைத் தூண்டினர். 1880ஆம் ஆண்டு, தம் ஆய்வின் வரலாற்றை நார்வே மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். 1873ஆம் ஆண்டிலேயே தாம் எழுதிவைத்த குறிப்புகளை அவற்றில் எடுத்துக்காட்டினார். தேதியிட்ட அக்குறிப்புகளே அவருக்குச் சான்றாயின. ஆய்வகக் குறிப்பேட்டில் நாளையும் மாதத்தையும் எழுதும் பழக்கம் ஒருவரின் உழைப்பைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

நெய்சர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மறு ஆண்டில் விரிவான கட்டுரை ஒன்றை மீண்டும் வெளியிட்டார். இருவரும் செய்தவற்றை நடுநிலையோடு நோக்கின் உண்மை விளங்கும். கிருமியை முதலில் கண்டவரும், அதை நோயோடு தொடர்புபடுத்தி எண்ணியவரும் ஹேன்சன். அதைச் சாயமேற்றி உலகம் ஏற்கும்படி காட்டியவர் நெய்சர். நெய்சரின் திறமையை மறுப்பதற்கில்லை. தமக்கு முன் நடந்தவரின் அடிச்சுவட்டை அவர் தெளிவாகச் சுட்டியிருந்தால், அத்திறமையின் பெருமை ஒரு சிறிதும் குறைந்திராது.

தெரிந்து தெளிவோம்

ஆய்வுக் கட்டுரை எழுதுவோர், தமக்கு முன் அத்துறையில் உழைத்தோரின் கட்டுரைகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுவர். இதுவே மேற்கோள் சுட்டல். எந்தக் கட்டுரை எந்தெந்தக் கட்டுரைகளில் சுட்டப்பட்டுள்ளது எனத் தொகுக்கும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964ஆம் ஆண்டு வெளியிட்டார். 2005ஆம் ஆண்டு இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-குறியீட்டை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் சுட்டப்பட்டு, பதினொரு கட்டுரைகள் அவ்வாறு பதினொரு முறை சுட்டப்படாதிருப்பின் அவருடைய குறியீடு பத்து. ஒரு கட்டுரை எத்தனை முறை சுட்டப்பட்டது என்பதை இக்கணக்குகள் கூறும். அது ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்பதையும், அவ்வுண்மையை முதலில் கண்டவர் எவர் என்பதையும் இவை கூறா. 1880ஆம் ஆண்டில் இத்தகைய கணக்கு இருந்திருப்பின், ஹேன்சனின் உரிமையை அதனால் மட்டும் அறிந்திருக்க இயலாது.

நீதிமன்றத்தில் ஒரு நாள்

ஹேன்சனின் வாழ்வில் மறைக்கலாகாத பிழை ஒன்றும் உண்டு. நோய் தொற்றக்கூடியது என்பதை மெய்ப்பிக்க அவருக்குச் சோதனைச் சான்று தேவைப்பட்டது. விலங்குகளிடம் செய்த சோதனைகள் பயன் தரவில்லை. 1879ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், நெடுங்காலமாக மருத்துவமனையில் இருந்த பெண் நோயாளி ஒருவரின் கண்ணில், வேறொரு நோயாளியின் முடிச்சிலிருந்து எடுத்த பொருளைச் சிறு கத்தியால் செலுத்தினார். அப்பெண்ணுக்கு இருந்தது உணர்ச்சியிழப்பை உண்டாக்கும் வகைத் தொழுநோய். முடிச்சுகளை உண்டாக்கும் வகை அவருக்கும் தோன்றுமாயின் தம் கொள்கை உறுதிப்படும் என்பது ஹேன்சனின் கணக்கு. அப்பெண்ணிடம் அவர் இசைவு பெறவில்லை. செய்யப்போவது இன்னதென்று சொல்லவுமில்லை.

அப்பெண் ஏழை, நோயாளி, மருத்துவமனையை விட்டால் போக்கிடம் அற்றவர். ஆயினும் தமக்கு இழைக்கப்பட்டதை அவர் பொறுத்துக்கொண்டு வாளா இருக்கவில்லை. மருத்துவமனையின் சமயகுருவிடம் முறையிட்டார். செய்தி அதிகாரிகளுக்கு எட்டியது. வழக்குத் தொடரப்பட்டது. 1880ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பெர்கன் நீதிமன்றம் ஹேன்சனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. இசைவு பெறாததை அவரே ஒப்புக்கொண்டார். தாம் நோக்கிய கோணத்தில் அப்பெண் இதை நோக்கமாட்டார் எனக் கருதியே கேட்கவில்லை என்பது அவர் தந்த விளக்கம். மறுப்பார் என அறிந்தே கேளாதிருந்தார் என்பதுதான் அவ்விளக்கத்தின் பொருள்.

அச்சோதனையால் அப்பெண்ணுக்குப் புதிய நோய்வகை தோன்றவில்லை. அதனால் பிழை பிழையன்று என்று ஆகிவிடாது. மருத்துவமனை மருத்துவர் பதவியிலிருந்து ஹேன்சன் நீக்கப்பட்டார். நாட்டின் தொழுநோய்த் தலைமை மருத்துவர் என்னும் பொறுப்பு மட்டும் அவரிடம் நீடித்தது.

டேனியல்சன் நோய்த்திசுவைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். ஹேன்சன் அதைப் பிறர் உடலில் செலுத்தினார். தன்னுயிரைப் பணயம் வைப்பதற்கும் பிறர் உயிரைப் பணயம் வைப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. சோதனைக்கு உட்படுவோரின் இசைவு இன்றியமையாதது என்பது இன்று உலக மருத்துவ ஆய்வின் அடிப்படை அறம். அவ்வறம் எழுதப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, எளிய பெண் ஒருவரின் குரலுக்குச் செவிசாய்த்துப் புகழ்பெற்ற மருத்துவருக்கு எதிராகத் தீர்ப்பளித்த பெருமை பெர்கன் நீதிமன்றத்திற்கு உண்டு.

சட்டமும் பதிவேடும்

பதவியிழந்த ஹேன்சன் சோர்ந்து ஒதுங்கவில்லை. தலைமை மருத்துவர் என்னும் பொறுப்பில் அவர் முன்னரே தொடங்கிய பொதுநலப் பணியை முழுமூச்சாக மேற்கொண்டார். ஆதரவற்ற ஏழைகளை ஒரு பண்ணைவீட்டில் சில நாளும் மறு பண்ணைவீட்டில் சில நாளுமாக மாற்றி மாற்றித் தங்கவைத்து உணவளிக்கும் வழக்கம் நார்வே ஊர்களில் இருந்தது. தொழுநோயுற்ற ஏழைகளும் அவ்வாறே வீடுதோறும் சென்றனர். அவ்வழக்கத்தால் நோய் பரவுவதை உணர்ந்த அரசு, 1877ஆம் ஆண்டு சட்டத்தின் வழியே அதற்கு முடிவு கட்டியது. 1885ஆம் ஆண்டு மற்றொரு சட்டம் வந்தது. நோயாளர் தம் இல்லத்திலேயே தனி அறையில் தூய்மையாக வாழலாம். அதற்கு வாய்ப்பில்லாதோர் மருத்துவமனையில் தங்க வேண்டும் என்பது அதன் சாரம். இச்சட்டங்கள் தனிமனித உரிமையைப் பறிப்பன என எதிர்ப்பும் எழுந்தது.

தம் கொள்கைக்கு மேலும் சான்று தேடி, 1888ஆம் ஆண்டு ஹேன்சன் அமெரிக்காவிற்குச் சென்றார். நார்வேயிலிருந்து குடிபெயர்ந்தோருள் தொழுநோயாளர் சிலரும் இருந்தனர். நோய் பரம்பரையாக வருமாயின் அவர்களுடைய மக்களிடமும் பேரக்குழந்தைகளிடமும் அது தோன்றியிருத்தல் வேண்டும். மின்னசோட்டா முதலிய பகுதிகளில் அக்குடும்பங்களைத் தேடிச்சென்று ஆராய்ந்த ஹேன்சன், அவ்வழித்தோன்றல்களிடம் நோயைக் காணவில்லை. தனித்தனி அறைகளும் நல்ல வாழ்க்கை வசதியும் நோயின் பாதையை அடைத்தன என அவர் முடிவு செய்தார். பரம்பரைக் கொள்கை வலுவிழந்தது.

1894ஆம் ஆண்டு கார்ல் லூஃப்ட் என்னும் மருத்துவருடன் இணைந்து தொழுநோய் குறித்த நூல் ஒன்றை அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். மறு ஆண்டே அது ஆங்கிலத்திற்குப் பெயர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் நார்வே மொழியில் தயங்கித் தயங்கி எழுதியவர், உலகை நோக்கிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

1897ஆம் ஆண்டு பெர்லின் நகரில் முதலாவது பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு கூடியது. தொழுநோய் தொற்றக்கூடியது என்பதை அது ஏற்றது. நார்வே பின்பற்றிய முறையைப் பிற நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. ஆனால், நார்வேயைச் சான்று காட்டிய நாடுகள் பலவும் அதன் சட்டத்தை முழுமையாக உள்வாங்கவில்லை. வீட்டிலேயே தனித்து வாழலாம் என்னும் பகுதி மறக்கப்பட்டது. நோயாளரைப் பிரித்து அடைத்துவைக்கும் பகுதி மட்டும் எடுத்தாளப்பட்டது. அதனால், குற்றம் ஏதும் செய்யாத மனிதர்கள் பல நாடுகளில் குடும்பத்தைப் பிரிந்து ஒதுக்கிடங்களில் வாழ்ந்து மடிந்தனர். ஒரு கருத்தை அரைகுறையாக மேற்கோள் காட்டுவது எத்துணைத் துன்பம் விளைவிக்கும் என்பதற்கு இவ்வரலாறு சான்று.

நிறைவாழ்வு

ஹேன்சனின் ஆர்வம் மருத்துவத்தோடு முடியவில்லை. விலங்கியலில் அவர் பெருவிருப்பம் கொண்டவர். டார்வினின் கருத்துகளைத் தம் நாட்டு மக்களுக்கு எளிமையாக எடுத்துரைத்தார். பெர்கன் அருங்காட்சியகத்தின் ஆட்சிக்குழுத் தலைவராகவும் பணியாற்றினார். அவர் அறுபது அகவை நிறைந்த 1901ஆம் ஆண்டில் அவருடைய மார்பளவுச் சிலை அருங்காட்சியகத் தோட்டத்தில் நிறுவப்பட்டது. இரண்டாவது பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு 1909ஆம் ஆண்டு பெர்கன் நகரிலேயே கூடியது. அதற்குத் தலைமை தாங்கும் சிறப்பு ஹேன்சனுக்கு அளிக்கப்பட்டது. கண்டவர் எவர் என்னும் வினாவிற்கு மருத்துவ உலகம் அளித்த விடையாகவே அதைக் கொள்ளலாம். மறு ஆண்டு தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக எழுதினார்.

இதயநோய் அவரை வருத்தியது. எனினும் பணியை அவர் விடவில்லை. தொழுநோய்ப் பணி தொடர்பான பயணத்தின்போது, 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், புளோரோ என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவர் மருத்துவராகப் பணி தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த நார்வேயின் தொழுநோயாளர் எண்ணிக்கை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறுநூற்றுக்கும் கீழே குறைந்திருந்தது. வாழ்க்கைத்தர உயர்வுக்கும் அதில் பங்குண்டு. ஹேன்சனின் உழைப்புக்கும் பங்குண்டு.

பெயரில் வாழ்பவர்

தொழுநோய் இன்று ஹேன்சன் நோய் என்றும் வழங்கப்படுகிறது. பழிச்சொல்லாக மாறிவிட்ட பழைய பெயரின் சுமையை நோயாளரிடமிருந்து இறக்கி வைக்கவே பலரும் அப்பெயரை விரும்பினர். 1981ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை இந்நோயை முற்றிலும் குணப்படுத்துகிறது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மையை இழக்கிறது. ஆதலின் எவரையும் ஒதுக்கிவைக்க வேண்டிய தேவை இல்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். நம் நாட்டில் 1898ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019ஆம் ஆண்டில் அகற்றப்பட்டன. கிருமியை வெல்ல மருந்து போதும். அச்சத்தை வெல்ல அறிவும் அன்பும் வேண்டும்.

பெர்கன் நகரத்துப் பழைய மருத்துவமனை இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. அந்நகரின் தொழுநோய் ஆவணங்கள் 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவ்வாவணங்களில் மருத்துவர்களின் ஆய்வுகளுடன், பெயரும் ஊரும் குறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான நோயாளரின் வாழ்க்கையும் அடங்கியுள்ளது. கட்டுரைகளில் மேற்கோளாகச் சுட்டப்படுவோர் மருத்துவர்களே. அக்கட்டுரைகள் உருவாகத் தம் உடலையும் துன்பத்தையும் தந்த மனிதர்களை எந்த அட்டவணையும் எண்ணுவதில்லை. ஹேன்சனை நினைக்கும்போது, அவர் இசைவு கேளாத அப்பெண்ணையும் சேர்த்து நினைப்பதே அறிவியலுக்கு நாம் செலுத்தும் முழுமையான மதிப்பாகும்.

கற்பவை கற்றபின்…

1. ஒரு கண்டுபிடிப்பின் பெருமை முதலில் கண்டவருக்கா, உலகிற்கு மெய்ப்பித்தவருக்கா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. ஹேன்சன் மீதான வழக்கின் நீதிபதி நீங்கள் எனக் கொண்டு, உங்கள் தீர்ப்பைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

3. பிறர் நூல்களிலிருந்து செய்தி எடுத்தாளும்போது பின்பற்ற வேண்டிய நெறிகளைத் தொகுத்து வகுப்பறைச் சுவரிதழில் எழுதுக.